முடிவைக் கடையில் வைத்திருந்தவர்

காலை ஏழு பத்து. பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பாதி மட்டும் ஏற்றியிருந்த ஒரு ஷட்டருக்குக் கீழே ஒரு பெண்ணின் கை தெரிந்தது. அந்தக் கையில் பிளேடு இருந்தது. மடியில் ஒரு மாத நாவலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கடைசித் தாளை முதுகோரமாக ஒரே இழுப்பில் அறுத்து எடுத்தார். தாளின் மூலையில் ஓர் எண்ணை எழுதினார். அட்டையின் உட்புறத்திலும் அதே எண்ணை எழுதினார். தாளை ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு மூடிய பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்டு இல்லீங்க. ஜெராக்ஸ்னா அரை மணி நேரம் ஆகும்."

ஒரு நாளிதழின் தாலுகா நிருபராக அந்த வாரம்தான் நான் அந்த ஊருக்கு வந்திருந்தேன். அடையாள அட்டைக்கு நகல் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் கேட்டது அதையல்ல. புத்தகத்தை எதற்குக் கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிழிக்கலீங்க, எடுத்து வெக்கறேன்" என்றார். பிறகு அந்தப் புத்தகத்தையே என்னிடம் நீட்டினார். "சும்மாதான நிக்கறீங்க. படிச்சுப் பாருங்க. எதுக்குன்னு தெரியும்."

அறைக்குக் கொண்டுபோய் அன்று மாலை படித்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன மாப்பிள்ளையைப் பற்றிய கதை. பெண்ணின் அண்ணன்மேல் சந்தேகம், பிறகு புரோக்கர்மேல், பிறகு பெண்ணின் மேலேயே. கடைசியாக இருந்த பக்கத்தின் கடைசி வரி இது: 'கதவைத் திறந்தவள், வெளியே நின்றவரைப் பார்த்ததும்'. அதற்கு மேல் தாள் இல்லை.

மறுநாள் தேநீர் குடிக்கும் முன்பே கடைக்குப் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, எண்ணைப் பார்த்து, டப்பாவிலிருந்து தாளை எடுத்தார்.

"இங்கியே நின்னு படிங்க. போன பாக்கெட்ல வைங்க, போட்டோ எடுக்கக் கூடாது."

அவருடைய முறை இதுதான். கதையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முடிவைப் படிக்கக் கடைக்குத்தான் வர வேண்டும், வரும்போது புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும். போன் செய்து கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "முடிவு கடையில இருக்குதுங்க." ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூடக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பதில்.

ஊரில் எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா. நாற்பதை ஒட்டிய வயது. நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக் கடைக்கு வரும் பழக்கமில்லை, எப்போதும் மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. கடை அகலம் குறைந்தது. முன்னால் நகலெடுக்கும் இயந்திரம், ரீசார்ஜ், லேமினேஷன். பின்சுவரில் மூன்று தட்டு மாத நாவல்கள். கணவர் பெங்களூரில் ஒரு பேக்கரியில் மாஸ்டர், பண்டிகைக்குப் பண்டிகை வருவார். மகள் பத்தாவது படித்தாள். தக்காளி மார்க்கெட்டுக்கு வரும் டிராக்டர்கள் அந்தக் கடை வாசலில்தான் திரும்பும். பெட்டி பெட்டியாகத் தக்காளி இறக்கிவிட்டு, பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் நகலெடுக்க வருகிறவர்கள் மின்சாரம் வரும்வரை புத்தகம் பார்ப்பார்கள். அப்படித்தான் அவருக்கு வாசகர்கள் சேர்ந்தார்கள்.

ஆரம்பத்தில் முழுப் புத்தகமாகத்தான் கொடுத்தாராம். போனது திரும்பவில்லை.

"நம்மூர்ல கடப்பாரைய குடுத்தா திரும்பி வருதுங்க. புக்கு மட்டும் வர்றதே இல்ல. கேட்டா, படிச்சிட்டேனே, இன்னும் என்னாத்துக்கு உனக்குங்கறாங்க."

படித்து முடித்ததுதான் குற்றம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. முடிக்க விடாமல் செய்துவிட்டார்.

இந்தக் குணம் புத்தகத்தோடு நிற்கவில்லை. அவர் எதையும் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருந்தார், அக்காவின் முதல் வரிசை வாசகி. ஒருநாள் அவரிடம் அக்கா சொன்னார்:

"உங்க ஆஸ்பத்திரி டிரைவர நேத்து காரிமங்கலம் சந்தையில பாத்தேன். தனியா இல்ல. பக்கத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு பாரு…"

இயந்திரம் ஏதோ சத்தம் போட்டது. அக்கா அதன் மூடியைத் திறந்து உள்ளே குனிந்துவிட்டார்.

"யாருக்கா?"

"இரு, பேப்பர் மாட்டிக்கிச்சு."

"அக்கா, எனக்கு டூட்டி இருக்குது. யாருக்கா நின்னது?"

"ஆதார் கார்டு யாருதுங்க? ரெண்டு பக்கமும் வேணுமா?"

நர்ஸ் டூட்டிக்குப் போய்விட்டு மதியம் மறுபடி வந்தார். டிரைவரின் பக்கத்தில் நின்றது அவர் வாங்கிய வெள்ளாடு.

"இதுக்காக்கா நான் வெயில்ல வந்தேன்!" என்று அவர் கத்தினார். கத்திக்கொண்டே அடுத்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. பத்திரிகையில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, முக்கியமானதை முதல் வரியில் சொல் என்பது. யார் இறந்தார், எங்கே, எப்படி என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே முடிந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டே வரலாம், செய்தி உயிரோடிருக்கும். அக்காவுக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

"மொத வரியிலயே ஆளு செத்துட்டான்னு போட்டுடறீங்க. அப்புறம் கீழ அம்பது வரி. அத யாருங்க படிப்பா?"

"படிக்கிறவங்க படிப்பாங்க."

"அதான் பஜ்ஜிக் கடையில போடற பேப்பரு, படிக்கறவங்க கை பட்டு முன்பக்கம் எண்ணெயா இருக்குது, உள்பக்கம் புதுசாவே இருக்குது."



தாளை அறுப்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. புத்தகத்தை முதலில் தான் படிப்பார். முடிச்சு எங்கே அவிழத் தொடங்குகிறதோ அங்கே பிளேடு வைப்பார். சில புத்தகங்களில் ஒரு தாள், சிலவற்றில் மூன்று தாள். ஒரு புத்தகத்தில் பக்கத்தின் நடுவிலேயே விஷயம் உடைந்துவிடுவதால் பாதித் தாளைக் குறுக்கே அறுத்திருந்தார். முன்கூட்டியே அறுத்தால் வாசகருக்குக் கோபம் வருமே தவிர ஆவல் வராது என்பார். "கதவு தட்டற சத்தம் கேக்கணுங்க. தெறக்கக் கூடாது. சத்தமே கேக்காம புக்கு முடிஞ்சா, கதவு இருக்குதுன்னே தெரியாம போயிருவாங்க."

இதில் அவர் தோற்றதும் உண்டு. ஒரு முறை பின்னட்டையை ஒட்டியிருந்த விளம்பரத் தாளையும் சேர்த்து அறுத்துவிட்டார். டப்பாவில் அது மேலே வந்துவிட, மண்டியில் எடை போடும் ஒருவர் முடிவு என்று நினைத்துத் தலைவலித் தைலத்தின் விளம்பரத்தைப் படித்தார். இரண்டு தரம் படித்துவிட்டு, "அப்ப அந்த டாக்டருதான் கொன்னிருக்கறான்" என்று சொல்லிப் புறப்பட்டார். அக்கா ஓடிப்போய் அவரைத் திரும்ப அழைத்துவந்தார்.

இன்னொரு வகைத் தோல்வி அவரை உண்மையாகவே வருத்தியது. சில புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பவர்கள் கடைசித் தாளைக் கேட்கவே மாட்டார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லி வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு போவார்கள். தாள் குறைந்ததையே கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் போன பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு தாளையும் புத்தகத்தையும் சேர்த்து எடைக்குப் போடும் கட்டோடு வைத்துவிடுவார். ஒரு நாவலைப் பற்றி இதைவிடக் கறாரான மதிப்புரையை நான் அச்சில் பார்த்ததில்லை.

கடை இருந்த கட்டடம் வேறொருவருடையது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரண்டஹள்ளி சாலையில் வீடு. மனைவி இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன், பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு மாடி வணிக வளாகம் கட்டத் திட்டம் வைத்திருந்தான். தை மாதத்துக்குள் கடை காலியாக வேண்டும் என்று ஆவணியிலேயே கட்டடக்காரர் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தைச் சுற்றி வேறு இடம் கிடைக்குமா என்று அக்கா தேடினார். கிடைத்ததெல்லாம் முன்பணத்தைக் கேட்டாலே திரும்பி வர வேண்டியவை. ஊருக்குள் தள்ளிப் போனால் நகலெடுக்க யாரும் வர மாட்டார்கள், நாவலுக்கு நிச்சயம் வர மாட்டார்கள். அந்த இடம் போனால் அவர் மறுபடி வீட்டுக்குள் போக வேண்டியதுதான்.

இதை அவர் என்னிடம் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. நான் பத்திரிகைக் குறிப்பு ஒன்றை நகலெடுக்கப் போயிருந்தேன்.

"தைக்குள்ள காலி பண்ணணுங்க. வேற எடம் இல்ல. அவ்ளோதான்."

நான் மேலும் ஏதாவது வரும் என்று நின்றேன். வரவில்லை. முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லி நிறுத்தியிருந்தார். அவர் அப்படிப் பேசியதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

நர்ஸ் ஒரு யோசனை சொன்னார். "அந்தாளுக்கு ஒரு நல்ல மர்ம நாவலா குடுக்கா. மாட்டிக்குவாரு. முடிவக் கேக்கறப்ப கடையக் கேளு."

அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த முறை கட்டடக்காரர் வந்தபோது ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைக்கத்தான் செய்தார். அவர் அதைப் புறங்கையால் தள்ளினார்.

"எனக்குக் கதையெல்லாம் வேணாம்மா. சாவிதான் வேணும்."

"படிச்சுப் பாருங்கண்ணா."

"நாப்பது வருசம் ஆலை சங்குச் சத்தத்துல வேல பாத்தவன் நானு. யாரு யார கொன்னா எனக்கு என்னா?"

அவர் சொன்னது உண்மை. செய்தித்தாளைக்கூடத் தலைப்போடு நிறுத்துகிறவர். அந்த வழி அடைபட்டது.

மார்கழியில் ஒரு பிற்பகல், மகன் அன்று போனில் சத்தம் போட்டிருக்க வேண்டும், கட்டடக்காரர் வேகமாக வந்தார். கடையில் நான், நர்ஸ், இன்னும் இரண்டு பேர் இருந்தோம். நர்ஸ் அப்போது பாதி நாவலில் இருந்தார். குழந்தையைக் கடத்தியவன் போனில் பேசுகிறான், தாய்க்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்டதாக இருக்கிறது. அந்த இடம்.

"ஏம்மா, எத்தன தடவ வர்றது? இந்தக் கடைக்கு யாரு வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றவர், மேசைமேல் இருந்த தகர டப்பாவைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "சாவிய குடு, டப்பாவ வாங்கிக்க."

நடந்து போய்விட்டார். அக்கா பின்னால் ஓடவில்லை. ஒரு துணியை எடுத்து இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

கட்டடக்காரரின் கணக்கு தவறானதல்ல. கடையின் உயிர் அந்த டப்பாவில்தான் இருந்தது. அடுத்த சில நாட்கள் புத்தகத்தோடு வந்தவர்களிடம் அக்கா சாலையைக் காட்டினார்: "முடிவு ஓனர் வூட்ல இருக்குதுங்க. இங்க ஜெராக்ஸ் மட்டும்தான்." சிலர் அவர் வீட்டுக்கே போனார்கள். கேட்டைத் திறக்காமலே விரட்டினார்.

நர்ஸை விரட்ட முடியவில்லை. அவர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போனார். இதை அவரே கடையில் வந்து நடித்துக் காட்டினார். பட்டையைக் கட்டடக்காரர் கையில் சுற்றி, காற்றடித்து, "அசையாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாவலின் எண்ணைச் சொல்லித் தாளைக் கேட்டிருக்கிறார்.

"எனக்குப் பிரஷர் ஏறறதே உங்களாலதான்!"

"பேசாதீங்கன்னு சொன்னன்ல. தப்பாக் காட்டுது. அந்தத் தாள குடுங்க, நார்மலாயிரும்."

தொலைந்து போகட்டும் என்று அவர் டப்பாவைத் திறந்திருக்கிறார். தாள்கள் வரிசையில் இல்லை. எண்ணைத் தேட ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருந்தது. புரட்டும்போது கண் ஓடியிருக்கிறது.

மறுநாள் காலை கடை திறந்த சற்று நேரத்தில் கட்டடக்காரர் வந்து நின்றார். சாவி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஏம்மா. யாரு இந்த மரகதம்?"

அக்கா தாளைப் பார்த்தார். "ஏங்கண்ணா?"

"மூக்குக் கண்ணாடிய எடுத்துக் கெணத்துல போடறா. தண்ணில விழுந்த சத்தம் கேட்டப்புறம் சிரிக்கறா. 'இனிமே நிம்மதியாத் தூங்கலாம் மாமா'ங்கறா. முற்றும்னு போட்டிருக்குது." தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "யாரு கண்ணாடி அது?"

"அது கதையில வருதுங்க."

"தெரியுது. யாருதுன்னு கேட்டேன்."

"நான் எப்படிங்க சொல்றது?"

"மாமா உயிரோட இருக்கறானா, இல்லியா? உயிரோட இருந்தா கண்ணாடிய எதுக்குக் கெணத்துல போடறா? செத்துட்டான்னா எதுக்கு மாமாங்கறா?"

அங்கே நின்றிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா பின்சுவருக்குப் போய், எண்ணைப் பார்த்து, கடைசித் தாள் இல்லாத ஒரு புத்தகத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"இதுல இருக்குதுங்கண்ணா."

"இத்தனையும் படிக்கணுமா? நீயே சொல்லிடேன்."

"இல்லீங்க. நான் சொன்னதில்லீங்க யாருக்கும்."

அவர் அக்காவை முறைத்தார். என்னை முறைத்தார். "முடிவத்தான் படிச்சிட்டேனே. அப்புறமும் எதுக்கு மனசு கெடந்து நோண்டுது?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். சாவியைக் கேட்கவில்லை. மறந்திருக்கலாம்.

இரண்டு நாளில் திரும்பினார். கண்ணாடி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பையில் இன்னொரு தாள் இருந்தது. அதில் ஒரு லாரி டிரைவர் தொப்பூர்க் கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் கட்டியிருந்த ஊஞ்சல் கயிற்றை அறுத்து எறிகிறான். லாரியில் எதற்கு ஊஞ்சல் கட்டினான்? அதற்குரிய புத்தகமும் அவரோடு போயிற்று. எல்லோரும் ஆரம்பத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு அலைந்த ஊரில், அவர் ஒருவர் மட்டும் டப்பா நிறைய முடிவுகளை வைத்துக்கொண்டு ஆரம்பத்துக்கு அலைந்தார். விடை கையில் இருந்தது, கேள்விதான் கிடைக்கவில்லை. கேள்வி தெரியாதவரை விடை தூங்க விடுவதில்லை என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

இதில் என் கட்சிக்கும் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன்: "பாத்தீங்களா, முடிவை முதல்ல சொன்னாலும் படிக்கத்தான் செய்யறாங்க. ஆள் செத்துட்டான்னு முதல் வரியில சொன்னா, ஏன் செத்தான்னு கீழ தேடுவாங்க. எங்க பேப்பர் செய்யறது அதுதான்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப உங்காளுங்களும் ஒரு காலத்துல யாரோட டப்பாவையோ தூக்கிட்டு ஓடுனவங்கதான்னு சொல்லுங்க."

டப்பா மட்டும் கடைக்குத் திரும்பவில்லை. கட்டடக்காரர் அதைக் கொடுக்க மறுத்தார். இன்னும் முக்கால்வாசித் தாள்களுக்கு அவருக்குக் கதை தெரிய வேண்டியிருந்தது. அதனால் புதிய ஏற்பாடு ஒன்று தானாக உருவானது. புத்தகம் அக்காவின் கடையில். முடிவு அவர் வீட்டு போர்டிகோவில். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கேட் திறந்திருக்கும். நாற்காலியில் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். அக்கா புதிதாக அறுக்கும் தாள்களும் மகள் கையில் அங்கேதான் போயின. விதிகள் அதேதான். நடத்தியவர் மட்டும் கடுமை.

"போன உள்ள வை. நின்னு படி. ஒதட்ட அசைக்காத, பக்கத்துல நிக்கறவருக்குக் கேக்குது."

படித்து முடித்தவர்களை அவர் உடனே விடுவதில்லை. "தம்பிகாரன் மேல உனக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு? எனக்கு அந்தப் பால்காரன் வந்தப்பவே தட்டுச்சு" என்று தொடங்குவார். முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவருக்குச் சந்தேகம் முன்பே வந்ததில் என்ன பெருமை என்று யாரும் கேட்கவில்லை. ஆள் வர ஆரம்பித்த பிறகு போர்டிகோவுக்கு டியூப் லைட் போட்டார். நர்ஸ் வாரம் ஒருமுறை உண்மையாகவே அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்.

ஆனால் தை பிறந்துவிட்டது. காலி செய்யச் சொன்னதை யாரும் திரும்பப் பெறவில்லை. கட்டடக்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. அக்கா பின்சுவர்ப் புத்தகங்களில் ஒரு தட்டைக் கட்டி வைத்திருந்ததை மட்டும் கவனித்தேன். எதற்கென்று கேட்டபோது, "அதுவா…" என்று தொடங்கி, வந்த ஆளுக்கு ரீசார்ஜ் போடப் போய்விட்டார்.

தையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காரில், ஒரு எஞ்சினியரோடு. போர்டிகோவில் நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொரு தாளோடு நின்றிருந்தோம். மகன் கேட்டருகிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா, யாருப்பா இவங்கல்லாம்?"

"சத்தம் போடாத. படிக்கறாங்க."

"எஞ்சினியர் வந்திருக்காரு. கடைய அளக்கணும். அந்தம்மாவ சாவியோட வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்குச் சொன்ன?"

"என்னப்பா எதுக்குன்னு கேக்கறீங்க? நீங்கதான தை கடைசின்னீங்க."

எஞ்சினியர் சும்மா நிற்க முடியாமல் நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டி அவர் கையில் இருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இவரு யாரு, பொண்ணோட அப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்ல மாட்டங்க" என்றார் நர்ஸ்.

அந்த நேரம் அக்கா வந்தார். கையில் சாவிக்கொத்து. வளையத்திலிருந்து வீட்டுச் சாவியை முன்பே கழற்றியிருந்தார், கடைச் சாவி இரண்டும் மட்டும் இருந்தன. கேட்டுக்கு உள்ளே வரவில்லை. அவர் முகத்தில் அன்று விளையாட்டு எதுவும் இல்லை.

கட்டடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கையில என்னாம்மா?"

"சாவிங்கண்ணா. தம்பி வரச் சொன்னாரு."

"கடைய யாரு பாத்துக்கறாங்க?"

"பூட்டிட்டு வந்தங்க."

"ஞாயித்துக்கெழம காலைல கடையப் பூட்டுனா, புக்கு திருப்பிக் குடுக்க வர்றவன் எங்க குடுப்பான்? குடுக்கலீன்னா இங்க என்னாத்துக்கு வருவான்?" மடியில் இருந்த டப்பாவைத் தட்டினார். "போ, போயி தெற."

மகன் குரலை உயர்த்தினான். "அப்பா! லோன் பேசி வெச்சிருக்கேன்."

"தள்ளிப் போடு."

"எவ்ளோ நாளுக்கு?"

"எனக்கு இன்னும் பாதி டப்பா பாக்கி கெடக்குது."

"சரி, அத படிச்சு முடிச்சதும்?"

"மாசம் மாசம் புதுசு வருதேடா."

மகன் டியூப் லைட்டைப் பார்த்தான், சுவரோரம் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்த செருப்புகளைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டு உள்ளே போனான். எஞ்சினியர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவின் பின்னால் கடைப் பக்கம் நடந்தார். அளப்பதற்காக அல்ல. அந்தப் பெண்ணின் அப்பா விஷயம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நானும் கூடவே போனேன். வழியில் அக்காவிடம் கேட்டேன். அன்று கட்டடக்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது ஏன் தடுக்கவில்லை? இப்படி ஆகும் என்று தெரியுமா?

சாலையில் ஒரு தக்காளி டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும்வரை நின்றார்.

"அன்னிக்கு என்னாச்சு தெரியுங்களா…" என்றார். அதற்குள் கடை வந்துவிட்டது. வாசலில் இரண்டு பேர் புத்தகத்தோடு நின்றிருந்தார்கள்.

பின்னால் நான் சேலம் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இடையில் சில முறை பேசியிருக்கிறோம். மகள் கல்லூரிக்குப் போவதைச் சொன்னார். அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைவரை கட்டடக்காரருக்கும் அக்காவுக்கும் இடையே எழுத்தில் எதுவும் இருந்ததில்லை. மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான், இனி முறையாகப் பத்திரம் வேண்டும் என்று. அடுத்த வாரம் பத்திரம் எழுதுபவரிடம் போனோம். சாட்சிக் கையெழுத்து நானும் நர்ஸும் போட்டோம். எல்லா வாடகை ஒப்பந்தங்களையும் போல அதுவும் கடைசி மாதத்தை விட்டுவிட்டுப் பதினோரு மாதத்துக்கு எழுதப்பட்டது.